தங்கச்சியின் ஜெயில்

பெரியவளுக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது ஒரு ஜோடி ஷூவைப் பார்த்துத்தான்.

கறுப்பு ஷூ. அடியில் தடித்த ரப்பர். போட்டுக்கொண்டு நடந்தால் பூனை நடப்பதுபோலச் சத்தமே வராது. தங்கச்சி அதை மாடிப்படிக்குக் கீழே கழற்றி வைத்துவிட்டு மேலே போயிருந்தாள். பெரியவள் ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். மெத்தை மாதிரி அமுங்கியது. அவளுக்கு அரசாங்கம் கொடுக்கும் ஷூ வரும்போதே அளவு கூடியிருக்கும், இல்லையென்றால் குறைந்திருக்கும். கூடினால் முன்னால் துணி அடைக்க வேண்டும். குறைந்தால் பக்கவாட்டில் பிளேடால் கீறிவிட வேண்டும். இருபது வருஷமாகத் துணி அடைத்தும் கீறிவிட்டும் நடந்த கால்கள் அவளுடையவை.

"என்னம்மா, ஷூவையும் சோதனை போட்டுத்தான் உள்ள விடுவியா?" என்றான் வாசலில் நின்ற அவள் புருஷன்.

"கல்லு கிடந்துச்சு. எடுத்துப் போட்டேன்."

"ஷூவுல கிடந்த கல்லா, உன் கண்ணுல கிடந்த கல்லா?"

அவள் ஷூவைக் கீழே வைத்தாள். நேராக வைக்கவில்லை, கொஞ்சம் கோணலாகத்தான் வைத்தாள்.

ஊருக்கு நடுவில் இருக்கும் பழைய அரசாங்க ஜெயிலில் பெண்கள் பகுதிக்கு அவள்தான் தலைமை வார்டர். புருஷன் அதே ஜெயிலின் வேன் டிரைவர். கைதிகளைக் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவன் வேலை. போகிற இடத்துச் சேதியையெல்லாம் வீட்டுக்கு ஏற்றி வருவது அவன் குணம். கீழ்வீட்டில் இவர்கள் இரண்டு பேர். மாடியில் அம்மாவும் தங்கச்சியும். தங்கச்சிக்கு முப்பது தாண்டிவிட்டது, இன்னும் அவள் பெயர் பாப்பா. பெரியவளுக்கோ எட்டு வயதிலேயே 'பெரியவ' என்ற பெயர் விழுந்துவிட்டது. பாப்பா பிறந்த அன்றைக்கு விழுந்த பெயர் அது.

பாப்பா எந்த வேலையிலும் நிலைத்தவள் இல்லை. துணிக்கடையில் கொஞ்ச நாள், அப்புறம் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் கொஞ்ச நாள். "எங்க ஜெயிலுக்குப் பரீட்சை எழுதுடி" என்று பெரியவள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டபோது, "அந்த நாத்தத்துல யாருக்கா நிப்பா?" என்றவள். அப்படிப்பட்டவளுக்காகவே கட்டினதுபோல ஊருக்கு வெளியே புது ஜெயில் வந்தது. நிலம் அரசாங்கத்துடையது, கட்டிடம் கம்பெனியுடையது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுக்கும். ஓட்டலில் கோபக்கார விருந்தாளிகளைச் சமாளித்தவள் ஜெயிலையும் சமாளிப்பாள் என்று கம்பெனி பாப்பாவை எடுத்துக்கொண்டது. ஒரே வருஷத்தில் பெண்கள் பகுதிக்கு மேற்பார்வையாளர். அந்த உயரத்துக்கு வருவதற்குள் பெரியவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

"ஓட்டல்ல ரூம் சாவி எடுத்துக் கொடுத்தவளுக்கும் ஜெயில் சாவிக்கும் என்னடி சம்பந்தம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எங்க ஜெயில்ல சாவியே கிடையாதுக்கா," என்றாள் பாப்பா, குத்தலே இல்லாமல். அதுதான் இன்னும் குத்தியது. "கண்ணாடி ரூமுக்குள்ள ஒருத்தர் உக்காந்து பட்டனை அமுக்குவாங்க. கதவு தானாப் போய்ச் சாத்திக்கும். பச்சை லைட்டு எரியும்."

இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தைப் பெரியவள் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், யாரோ பிடுங்க வந்ததுபோல.

இதெல்லாம் வீட்டோடு போகிற புகைச்சலாக இருந்திருக்கும். ஆனால் ஒருநாள் ஜெயில் சூப்பரண்டு எல்லா வார்டர்களையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். அவர் நல்ல மனிதர். கெட்ட சேதி சொல்லும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்குத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அரசாங்கத்துல ஆறு மாசம் பார்க்கப் போறாங்க. நம்மகிட்ட ஒரு ஆளுக்கு என்ன செலவு, கம்பெனிகிட்ட என்ன செலவுன்னு. அவங்களது குறைச்சலா இருந்தா நம்ம பெண்கள் பகுதிய மூடிட்டு எல்லாரையும் அங்கயே அனுப்பிடுவாங்க."

"அப்ப நாங்க சார்?"

"இஷ்டப்பட்டவங்க அங்க போகலாம். இதே வேலைதான். மேல மட்டும் கம்பெனி ஆள் இருப்பாங்க."

கம்பெனி ஆள் யாரென்று யாரும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் பெரியவள் பக்கம் திரும்பிவிட்டு, உடனே நல்ல பிள்ளைகளாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்போது அவள் பொருமினாள். "நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னா பாப்பாகிட்டப் போய்க் கைகட்டி நின்னு லீவு கேக்கணும்."

"கையெல்லாம் கட்ட வேணாம். நெத்தியத் தொட்டுப் பார்த்துட்டு அவளே கொடுத்துடுவா. தங்கச்சிதானே."

"அதத்தான் சொல்றேன்! அவ என் நெத்தியத் தொட்டுப் பார்க்குறதுக்கா நான் இத்தனை வருஷம் அங்க நின்னேன்?"

புருஷன் வாயை மூடிக்கொண்டு கியரை மாற்றினான். எப்போது பேசக்கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

அடுத்த வாரமே ஆள் பொறுக்க பாப்பா வந்தாள். ஆமாம், பொறுக்கத்தான். கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் ஒப்பந்தம் அப்படி. இங்கிருந்து முதல் தொகுதியாக யாரை அழைத்துப் போவது என்பதைக் கம்பெனியே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். நீளக் கூடத்தில் மேஜை போட்டு, சூப்பரண்டுக்குப் பக்கத்து நாற்காலியில் பாப்பா உட்கார்ந்தாள். பெரியவள் நின்றாள். வார்டர் நிற்பதுதானே முறை.

பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாப்பா தக்காளி பொறுக்குகிறவள் மாதிரி பார்த்தாள்.

"இவங்களுக்கு?"

"சர்க்கரை. தினமும் ஊசி."

பாப்பா தலையை ஆட்டி அந்தப் பக்கம் அனுப்பினாள்.

"இவங்க?"

"மாசத்துல ரெண்டு தடவை ஆஸ்பத்திரி."

அவளும் அந்தப் பக்கம். பாத்திரம் தேய்ப்பதில் கெட்டிக்காரி, முடி வெட்டத் தெரிந்தவள், சண்டையென்றால் நடுவில் போய் நின்று அடக்கும் மல்யுத்தக்காரி மாதிரியான ஒரு பெண், இவர்களெல்லாம் இந்தப் பக்கம். பெரியவள் பழக்கி, திட்டி, தேற்றி வைத்திருந்த நல்ல கைகளெல்லாம் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்து நின்றன. தன் வீட்டு அலமாரியைத் தங்கச்சி திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்வதும் தான் மடித்துக் கொடுப்பதும்போல இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் சங்கு வந்து நின்றாள்.

சங்கு அறுபதை நெருங்கியவள். ஒல்லி, ஆனால் நோய்நொடி இல்லாத கட்டை. ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை பார்த்தவள். அந்த வீட்டு ஆண் அவள் அறைக் கதவைத் திறந்துகொண்டு வருவது வழக்கம். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருநாள் அவன் வந்தபோது அவள் கையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. அவன் பிழைக்கவில்லை. ஜெயிலுக்கு வந்த புதிதில் இருட்டினால் போதும், "கதவு திறந்திருக்கு! கதவு திறந்திருக்கு!" என்று ஆலைச் சங்கு மாதிரி அலறுவாள். பெயர் அப்படி வந்ததுதான். அந்தக் காலத்து வார்டர்கள் சாவியைத் திருப்பிவிட்டு நடையைக் கட்டுவார்கள். பெரியவள் பொறுப்புக்கு வந்ததும் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தாள்: பூட்டியபின் கதவு வளையத்தைப் பிடித்து இரண்டு தடவை பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டு சரியாக விழுந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான். ஆனால் அந்த வாரத்திலிருந்து சங்குவின் அலறல் நின்றுவிட்டது.

"ஏம்மா, இப்பல்லாம் சத்தமே காணோம்?" என்று பெரியவள் ஒருநாள் கேட்டாள்.

"நீதான் இழுத்துப் பார்க்குறியே. நீ இவ்வளவு பலமா இழுத்தும் திறக்கலன்னா வேற எவனால திறக்க முடியும்?"

மற்றவர்களையெல்லாம் பூட்டி உள்ளே வைத்திருந்தார்கள். சங்குவுக்கு மட்டும் உலகத்தைப் பூட்டி வெளியே வைத்திருந்தார்கள். இந்த விஷயம் பெரியவளைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்ற வார்டர்களும் இழுப்பார்கள், ஆனால் பழக்கத்தில் இழுப்பார்கள்.

"இந்தம்மா எப்படிக்கா?" என்றாள் பாப்பா.

"இங்க வார்டர்னு கூப்பிடு."

"சரிங்க வார்டர். இந்தம்மா எப்படி?"

பெரியவளுக்கு நாக்கின் நுனியில் ஏதோ இனித்தது. பட்டன் கதவு, பச்சை லைட்டு, இழுக்க ஆளில்லாத ஜெயில்.

"தங்கம். பூட்டினா காலையில திறக்குற வரைக்கும் ஒரு சத்தம் வராது. மருந்து மாத்திரைன்னு ஒரு செலவு கிடையாது."

"அப்புறம் ஏன் சங்குன்னு கூப்பிடுறாங்க?"

"குரல் கணீர்னு இருக்கும். நல்லாப் பாடுவா."

சங்கு வாழ்நாளில் ஒரு வரி பாடியதில்லை. பாப்பா சிரித்துக்கொண்டே அவளை இந்தப் பக்கம் நிறுத்தினாள்.

வேனில் ஏறும்போது சங்கு பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்க அனுப்புற?"

"நல்ல இடம். மெத்தை, ஃபேன் எல்லாம் உண்டு."

"பூட்டு நல்ல பூட்டா?"

"ஈ கூட உள்ள வர முடியாது."

வேன் போன பிறகும் மணிக்கட்டில் அந்தப் பிடி கொஞ்ச நேரம் இருந்தது. அவள் கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

சேதி மறுநாளே வந்தது. புருஷன் சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்தான். "உன் பாட்டுக்காரி கச்சேரிய ஆரம்பிச்சுட்டா. ராத்திரி பூரா ஒரே பாட்டுத்தானாம். மொத்த ஜெயிலும் கண்ணு முழிச்சுக் கேட்டிருக்கு."

"அப்படியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவனுக்கு இரண்டாவது தடவை டீ ஊற்றினாள். கேட்காமலேயே.

"என்ன விசேஷம், இன்னிக்கு உபசாரம் பலமா இருக்கு?"

"குடிங்க பேசாம."

கம்பெனி ஜெயிலில் ஒவ்வொரு ரகளையும் பதிவாகும். பதிவாகிற ஒவ்வொன்றுக்கும் அரசாங்கம் கம்பெனியிடம் அபராதம் பிடிக்கும். அபராதம் ஏறினால் செலவுக் கணக்கில் கம்பெனியின் பெயர் கெடும். பெயர் கெட்டால் பழைய ஜெயில் பிழைக்கும். பாப்பாவின் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. பெரியவள் இதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த சில நாள் காலையில் பல் துலக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடுவது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை என்று புருஷன் தன் டிரைவர் சகாக்களிடம் சொன்னான்.

பாப்பாவின் கண்கள் உள்ளே போய்விட்டன. ஒரு சாயங்காலம் கீழே வந்து, சமையலறையில் ஒரு வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தம்மாவ நீ எப்படித் தூங்க வெச்ச?"

"தாலாட்டா பாடுனேன்? தானாத் தூங்குனா."

"கதவு திறந்திருக்குன்னு கத்துறாங்க. பூட்டிருக்கும்மான்னு காட்டுறேன். லைட்டக் காட்டுறேன். 'அது பொய் சொல்லுது'ங்கறாங்க. அங்க எப்படித் தூங்குனீங்கன்னு கேட்டா, 'அங்க வார்டரம்மா இருந்தா'ன்னு ஒரே பதில்."

பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. "வயசானவ. இடம் மாறினா அப்படித்தான். பழகிடும்."

"மாத்திரை எதுவும் கொடுத்தியா?"

"எங்க ஜெயில்ல தலைவலிக்கே பாதி மாத்திரைதான். தூக்கத்துக்கு எவன் கொடுப்பான்?"

மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பாப்பா சாப்பிட்டாளா?"

பெரியவள் சாப்பிட்டாளா என்று அம்மா கேட்டு எவ்வளவு காலம் இருக்கும்! பெரியவள் அடுப்பை அணைத்தாள், தேவைக்கு மேல் பலமாகத் திருகி.

பாப்பா காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "தூக்கத்துக்கு ஊசி போடப் போறாங்கக்கா. டாக்டர் எழுதிட்டாரு. ஏற்கெனவே ரெண்டு பேருக்குப் போட்டதைப் பார்த்திருக்கேன். பகல்லயும் அப்படியே உக்காந்திருப்பாங்க. வாயோரம் எச்சில் ஒழுகும், துடைக்கத் தெரியாது. நாளைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் அவகாசம் கேட்டிருக்கேன். உனக்கு ஏதாவது தோணுனா சொல்லு."

இரண்டு தடவை இழு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் சொன்னால் பாப்பா செய்வாள். பாப்பா செய்து சங்கு அடங்கினால் அது பாப்பாவின் கைராசி ஆகிவிடும். 'பாப்பா போனா, பொம்பளை அடங்கிட்டா' என்று அம்மா வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லாவிட்டால்? அந்த எச்சில் பெரியவளின் கண்ணுக்குள் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"உனக்குப் புரியாது," என்றாள் கடைசியில். "நானே வரேன்."

சூப்பரண்டு பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பெரியவள் சீருடையைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, பெல்ட் கொக்கியைச் சாம்பலால் தேய்த்துப் பளபளப்பாக்கி அணிந்துகொண்டாள். "பொண்ணு பார்க்கவா போற?" என்றான் புருஷன். அவள் முறைத்த முறைப்பில் வேன் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது.

புது ஜெயிலில் பெயிண்ட் மணத்தது. தரையில் முகம் தெரிந்தது. அந்தத் தரையில் அவளுடைய நடை மட்டும் டக் டக்கென்று எதிரொலித்தது. யாரோ ஒரு பெண் கதவிடுக்கு வழியாக, "நம்ம வார்டரம்மா நடை!" என்று கத்தினாள். அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த மரியாதை.

சங்குவின் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். பாப்பா பக்கத்தில் நின்றாள். கண்ணாடி அறையில் யாரோ எதையோ அமுக்க, கதவு சத்தமில்லாமல் வந்து மூடிக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே சங்கு மூச்சை இழுப்பது கேட்டது.

பெரியவளின் கை தானாக எழுந்து, இடுப்பு உயரத்தில் வளையத்தைத் தேடிப் போய், காற்றில் நின்றது.

வளையம் இல்லை. பிடி இல்லை. சாவித்துவாரம்கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை வழவழவென்ற சாம்பல் நிறத் தகடு. சாவியில்லாத ஜெயில் என்று பாப்பா சொன்னதை ஆயிரம் தடவை நினைத்துப் பொருமியவள், சாவியில்லாத கதவில் பிடித்து இழுக்கவும் ஒன்றும் இருக்காது என்பதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"என்னக்கா தேடுற?"

உள்ளங்கையால் கதவை ஓங்கித் தட்டினாள். ஈரத் துண்டை அடித்தது மாதிரி சத்தம் வந்தது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் சங்குவின் கண்கள் வந்து நின்றன.

"நீயா?" என்றாள் சங்கு. "இழு. உன்னால இழுக்க முடியாது. இங்க இழுக்க என்ன இருக்கு? இதுதான் நல்ல பூட்டா?"

"எதை இழுக்கணும்?" என்றாள் பாப்பா.

"அவ தினமும் இழுப்பா. பூட்டிட்டு ரெண்டு இழுப்பு. அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் என்னை வண்டியில ஏத்துனா."

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. பாப்பா ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தாள். சத்தம் போட்டிருந்தால் திருப்பிப் போட்டிருக்கலாம். சண்டையில் அவள் தோற்றதில்லை. பாப்பா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நல்லாப் பாடுவாங்கன்னு சொன்னியே அக்கா?"

பிறகு அவளை விட்டுவிட்டுப் போனாள். கண்ணாடி அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் முதுகைக் கதவோடு ஒட்டிப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இந்தக் கதவ நீங்க நம்ப வேணாம். நானும் நம்பல. நான் இதுல சாஞ்சு உக்காந்திருக்கேன். எவனாவது வந்தா என்னைத் தாண்டித்தான் வரணும்." தலையைப் பின்னால் சாய்த்து மெல்ல இரண்டு தட்டுத் தட்டினாள். "கேக்குதா?"

"என்ன அது?"

"என் தலை."

"மண்டை கனமாத்தான் இருக்கு," என்றாள் சங்கு. "இன்னொரு தடவ தட்டு."

பெரியவள் நடுக்கூடத்தில் கஞ்சி போட்ட சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள். இருபது வருஷத்தில் எந்தக் கதவுக்கு முன்னாலும் அவள் உட்கார்ந்ததில்லை. இழுத்தாள், நகர்ந்தாள், அடுத்த கதவு. உட்காரலாம் என்று தோன்றியதுகூட இல்லை. தோன்றியது பாப்பாவுக்கு, எதிலும் நிலைக்காத, நேற்று வந்த பாப்பாவுக்கு. ஷூவைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த நாற்காலியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. அதில் தான் உட்கார வேண்டும்போலவும் இருந்தது.

ஊசி போடும் பேச்சு நின்றது. பாப்பா தன் வேலை நேரம் முடிந்த பிறகும் தினமும் உட்கார்ந்தாள். அக்காவிடம் பேசவில்லை. வீட்டில் யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அம்மா கீழே இறங்கி வந்து ஆடித் தீர்த்திருப்பாள். அந்த மௌனமும் பெரியவளைச் சுட்டது. மன்னிக்கிற இடத்தில் தங்கச்சி, மன்னிக்கப்படுகிற இடத்தில் தான். அங்கேயும் அவள் ஒரு படி மேலே.

ஆனால் கம்பெனிக்கு நாற்காலி கணக்கில் வராது. ஒரு கைதிக்காக ஒரு ஆள் உட்கார்ந்தால் அந்த ஆளின் சம்பளத்தை எந்தத் தலையில் எழுதுவது? மேனேஜர் பாப்பாவைக் கூப்பிட்டு, "இது ஓட்டல் இல்லம்மா" என்றார். "ஓட்டல்ல இதைவிட நல்லாக் கவனிப்போம் சார், அங்க காசு கொடுக்குறவங்களே தங்குவாங்க" என்றாளாம் பாப்பா. இதைச் சொன்னதும் புருஷன்தான். ஒப்பந்தத்தில் ஒரு வழி இருந்தது: கூடுதல் கவனம் தேவைப்படுகிறவர்களைக் கம்பெனி திருப்பி அனுப்பலாம். சங்குவைத் திருப்பி அனுப்பினார்கள். போன இடத்தில் நோயில் விழுந்த இன்னும் சில பெண்களையும் அதே வேனில் ஏற்றினார்கள். "ரிட்டர்ன் சரக்கு," என்றான் புருஷன். சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை. அவர்களை அனுப்பக் கூடாதென்று பாப்பா மேனேஜரோடு மல்லுக்கட்டினாள். மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. கம்பெனி கொடுத்த எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

ஆறு மாதக் கணக்கும் வந்தது. சூப்பரண்டு கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம செலவு அவங்களைவிட ரெண்டு மடங்காம்."

"அதெப்படி சார்?" என்றாள் பெரியவள். "வேலை செய்யுறவங்களயெல்லாம் அவங்க எடுத்துக்கிட்டாங்க, மருந்து குடிக்கிறவங்களயெல்லாம் நம்மகிட்ட விட்டுட்டாங்க. படுத்தவங்களத் திருப்பியும் அனுப்புறாங்க. அப்புறம் நம்ம செலவு ஏறாம?"

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். கணக்குல அது தெரியாதே." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. இவங்களையெல்லாம் கம்பெனி வாங்காது. யாராவது வெச்சுக்கத்தானே வேணும்? அதனால பெண்கள் பகுதிய மூட மாட்டாங்க. நீ இங்கயே இருக்கலாம்."

ஆக, அவள் வேண்டியது நடந்துவிட்டது. தங்கச்சிக்குக் கீழே வேலை இல்லை. தங்கச்சிக்கு வேலையே இல்லை. இடுப்பில் சாவிக் கொத்து அப்படியே இருந்தது.

சங்கு திரும்பி வந்த முதல் சாயங்காலம் பெரியவள் மற்ற கதவுகளையெல்லாம் இளைய வார்டர்களிடம் விட்டுவிட்டு அந்தக் கதவுக்குத் தானே போனாள். பூட்டினாள். வளையத்தைப் பிடித்துக் கூடம் அதிர இரண்டு தடவை இழுத்தாள். தூங்கும்மா என்று சொல்ல வாயெடுத்தாள்.

"சரி, உக்காரு," என்றது உள்ளேயிருந்து.

"என்னது?"

"உன் தங்கச்சி உக்காருவா."

"இங்க நாற்காலி கிடையாது."

"தரை இருக்குல்ல?"

"எனக்கு வேற வேலை இருக்கு."

"முடிச்சுட்டு வந்து உக்காரு. நான் முழிச்சுத்தான் இருப்பேன்." சங்கு கத்தவில்லை. அதற்குப் பிறகு அவள் கத்தவே இல்லை. ஆனால் தினமும் பூட்டும்போது, சாப்பாடு வந்ததா என்று கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டாள்: "உன் தங்கச்சி எப்ப வருவா?"

மற்ற பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பி வந்தவர்களெல்லாம் பாப்பா கதை சொன்னார்கள். யாருக்கோ வயிற்றுவலி வந்தபோது பாப்பா மேனேஜரையே ஓட வைத்த கதை. யாருடைய குழந்தைக்கோ போன் போட்டுக் கொடுத்த கதை. பெரியவள் வரும்போது கதை நிற்கும். நின்ற கதைகள்தான் அவள் காதில் அதிகம் விழுந்தன.

மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் சூப்பரண்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நோயாளிகள் கூடிவிட்டதால் உதவிக்கு ஒரு தற்காலிக வார்டர் எடுத்துக்கொள்ள மேலிடம் சம்மதித்திருந்தது. "உன் தங்கச்சி வந்து கேட்டுட்டுப் போச்சு. உனக்குக் கீழதான் வேலை பார்க்கணும். எடுக்கலாமா? நீ சொல்றதுதான்."

போன தடவை ஒரே ஒரு பொய் போதுமாக இருந்தது. இந்தத் தடவை பொய்கூட வேண்டாம். சும்மா உதட்டைப் பிதுக்கினால் போதும். எனக்குக் கீழே என்று இவர் சொல்கிறார். வந்த மறுநாளே இந்தப் பெண்கள் யார் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று இவருக்கு என்ன தெரியும்?

"லேட்டா வருவா சார்," என்றாள்.

"ம்."

"கழட்டுனதக் கழட்டுன இடத்துல போடுவா. ஒண்ணு சொன்னா ஒன்பது எதிர்த்துப் பேசுவா."

"அப்ப வேணாங்கறியா?"

"வேணாம்னு நான் சொல்லலயே."

"வேலையில எப்படி?"

ஜன்னலுக்கு வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவள் அதையே பார்த்தாள்.

"என்னைவிட நல்லாப் பார்ப்பா," என்றாள்.

"நல்லது," என்று சொல்லிவிட்டுச் சூப்பரண்டு போனை எடுத்து மேலிடத்துக்கு எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தார். அவள் என்ன சொன்னாள் என்பது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பாப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மழைச் சாரல் அவள் முழங்கால்வரை நனைத்திருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவளாகப் பேசினாள்.

"சூப்பரண்டு உன்கிட்டக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"நீ லேட்டா வருவன்னு சொன்னேன்."

"அது நிஜந்தானே." பாப்பா அக்காவின் முகத்தையே பார்த்தாள். "வேற?"

வேன் கதவைச் சாத்திவிட்டுப் புருஷன் பின்னாலேயே வந்து நின்றான். அவனும் பதிலுக்குக் காத்திருந்தான். மேலே அம்மா இருமும் சத்தம் கேட்டது.

"வேற என்ன?" பெரியவள் ஈரக் குடையை உதறிச் சுவரில் சாய்த்து வைத்தாள். "காலையில ஆறரைக்கு வேன் கிளம்பும். உனக்காக நிக்காது."

சொல்லிவிட்டு, பாப்பாவைத் தாண்டி உள்ளே போனாள்.